ஏற்காடு ஏற எத்தனை பல்? மிட் டிரைவ் சைக்கிளுக்குச் செயின்ரிங்கும் ப்ரீவீலும்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சேலத்தில் இருக்கிறீர்கள். பழைய 26 அங்குல எம்டிபி (மலை) சைக்கிளில், பெடல் அச்சில் பொருத்தும் பாஃபாங் பிபிஎஸ்02 மிட் டிரைவ் மோட்டார் கிட், 48 வோல்ட் பேட்டரி. முன்னால் கிட்டோடு வந்த 46 பல் செயின்ரிங், அதாவது பெடல் பக்கத்துப் பல்வளையம். பின்னால் சைக்கிளோடு வந்த 14-28 ஏழு கியர் ப்ரீவீல், அதாவது சிறியது 14 பல்லும் பெரியது 28 பல்லுமாகப் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரக் கட்டு. ஊருக்குள் குறையில்லை, ஆனால் நேர்ச்சாலையில் இன்னும் கொஞ்சம் வேகம் வந்தால் நன்றாக இருக்கும் என்கிறீர்கள். ஏற்காடு ஏறினால் பாதி மலையிலேயே மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, பேட்டரியும் மளமளவென்று இறங்குகிறது. ஒரு நண்பர் 52 பல் போடு என்கிறார், இன்னொருவர் 36 போடு என்கிறார். எதை வாங்குவது?

இரண்டுமே வேண்டாம். முதலில் பின்னால் கை வையுங்கள். 14-28ஐக் கழற்றிவிட்டு 14-34 ப்ரீவீல் போடுங்கள். அதற்கப்புறமும் போதவில்லை என்றால் முன்னால் 42 பல். இந்த வரிசையில்தான். ஏன் இந்த வரிசை என்று சொல்லத்தான் கீழே இவ்வளவு நீளம்.

மின் சைக்கிளில் கியர் யாருக்காக என்பதை முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டார் வண்டியில் செயினும் கியரும் உங்கள் காலுக்கு மட்டும்தான். மோட்டார் அதன்பாட்டுக்குச் சக்கரத்தை நேராகச் சுற்றும். நீங்கள் எந்தப் பல்லில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மிட் டிரைவ் அப்படியல்ல. மோட்டார், பெடல் மாட்டிய கிராங்க் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செயின்ரிங்கைச் சுற்றுகிறது. அதன் பலம் உங்கள் கால் பலத்தோடு சேர்ந்து அதே செயின் வழியாக, அதே கியர் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பல் மோட்டாருக்கும் கியர். மிட் டிரைவ் மலையேறுவதில் கெட்டி என்று பெயர் வாங்கியதே இதனால்தான். தப்பான பல்லில் ஓட்டினால் அந்தப் பெயர் நிற்காது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண சைக்கிளில் கனமான கியரில் மேடு ஏறினால் முழங்கால் சும்மா இருக்காது, உடனே கியரை இறக்க வைத்துவிடும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளிலும் ஓரளவு அப்படித்தான், மோட்டாரின் உதவி கால் கொடுக்கும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் வரும். உங்கள் பிபிஎஸ்02இல் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சார். பெடல் சுற்றினால் போதும், டிஸ்ப்ளேயில் நீங்கள் வைத்த உதவி லெவலுக்கு உரிய கரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும். நிமிடத்துக்கு 40 சுற்றில் திணறிக்கொண்டு போனாலும் உங்கள் காலுக்கு ஒன்றும் தெரியாது. வலி முழுவதும் மோட்டாருக்கு. அது வாய் திறந்து சொல்லாது, சூடாகத்தான் காட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். கடினமில்லை, போன் கால்குலேட்டரே போதும். பல் எண்ணிக்கையை வைத்து யோசிப்பதை விட்டுவிட்டு, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். 26×1.95 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். உங்களுடையதைச் சரியாக அளக்க வேண்டுமானால், வால்வு கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நீங்கள் மேலே உட்கார்ந்தபடியே வண்டியை ஒரு சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இடைத்தூரம்தான் சுற்றளவு. ஆள் உட்காராமல் அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும்.

இப்போது உங்கள் வண்டியின் மிக இலேசான கியர் 46க்கு 28. அதாவது ஒரு சுற்றுக்கு 3.37 மீட்டர். மலையில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊர்கிறீர்கள் என்றால் பெடல் நிமிடத்துக்கு 40 முறைதான் சுற்றும். அதைவிட இலேசான கியர் உங்களிடம் இல்லவே இல்லை. 60 சுற்று வர வேண்டுமென்றால் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற வேண்டும், அதற்கு ஒன்றரை மடங்கு பவர் வேண்டும்.

மோட்டாருக்கு 40 சுற்று ஏன் ஆகாது? ஒரு பவரை மெதுவான சுற்றில் எடுக்க வேண்டுமானால் முறுக்குவிசை அதிகம் வேண்டும். முறுக்குவிசை கரண்டால் வருவது. கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். மின்சாரம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனால் கியர் வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சூடு அத்தனையும் பேட்டரியிலிருந்து போகும் காசு. சுருளில் பிறந்த சூடு மெல்ல உள்ளே பரவுகிறது. பிபிஎஸ்02இல் மோட்டாரோடு சேரும் முதல் பல்சக்கரம் நைலான். சூட்டில் தொடர்ந்து வேக வைத்தால் நைலான் பல் தேயும், ஒரு நாள் வழித்துக்கொண்டு போய்விடும். கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் அதே உடலோடு ஒட்டியிருக்கிறது. மெதுவான சுற்றில் முழுக் கரண்டை நீண்ட நேரம் இழுப்பது அதற்கும் நல்லதில்லை.

உங்கள் மோட்டாருக்குப் பிடித்த வேகம் என்ன என்பதை வீட்டிலேயே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கியரை 28 பல்லில் போடுங்கள். பேட்டரி நிறைவாக இருக்கட்டும். மெல்ல முழு திராட்டில் கொடுத்து டிஸ்ப்ளேயில் வேகத்தைப் பாருங்கள். கிராங்க் நின்றுகொண்டிருக்க, செயின்ரிங் மட்டும் சுற்றும். அது சரிதான். 24 கிலோமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 400 மீட்டர். அதை 3.37ஆல் வகுத்தால் சுமார் 119 சுற்று. அதுதான் சுமையில்லாத உச்சம். சுமை ஏறியதும் இந்த வகை மோட்டார் நன்றாக வேலை செய்வது அந்த உச்சத்தின் 65இலிருந்து 85 சதவீதத்துக்குள். அதாவது 75இலிருந்து 100 சுற்று வரை. பாதிக்குக் கீழே, அதாவது 60க்குக் கீழே, போனால் கரண்டில் பெரும் பங்கு சூடாகத்தான் போகும். டிஸ்ப்ளேயில் வேகக் கட்டுப்பாடு 25இல் வைத்திருந்தால் இந்தச் சோதனை அதில் முட்டலாம். அப்படியானால் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிவிடுங்கள். விரலும் வேட்டி நுனியும் செயின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கியர் தேர்வில் முதல் கேள்வி உச்ச வேகம் அல்ல. நீங்கள் போகும் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் என்ன வேகத்தில் போவீர்கள், அப்போது பெடல் எத்தனை சுற்று சுற்றும் என்பதே. அதை முடிவு செய்துவிட்டால் மேல் கியர் தானாக அமையும்.

நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 105 கிலோ என்று கொள்கிறேன். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் போக, உருளும் தடையையும் சேர்த்து, சுமார் 210 வாட் வேண்டும். இந்தச் சுமை உங்கள் செயினில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பின்னால் 28 பல்லில் இருந்தால் செயினின் இழுவிசை ஏறத்தாழ 55 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல். 34 பல்லுக்கு மாறினால் அதே மேட்டில், அதே வேகத்தில் 45 கிலோ. இதில் முன்பல்லுக்குப் பங்கே இல்லை. ஒரு குறிப்பிட்ட மேட்டில் செயினை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பின்பல்லின் அளவுதான். முன்பல் தீர்மானிப்பது, அந்த இழுவிசையைக் கொடுக்க மோட்டாரும் காலும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை. 46-28இல் கிராங்க் பக்கம் 50 நியூட்டன் மீட்டர். 42-34இல் 37 நியூட்டன் மீட்டர்.

பின்னால் முதலில் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பின்பல்லைப் பெரிதாக்கினால் செயினுக்கும் இலேசு, மோட்டாருக்கும் இலேசு. முன்பல்லைச் சிறிதாக்கினால் மோட்டாருக்கு மட்டும் இலேசு, செயின் படும் பாடு குறையாது. இரண்டையும் செய்தால் முறுக்குவிசை நாலில் ஒரு பங்கு குறைகிறது. மோட்டாரும் காலும் சுமையை முன்பு போலவே பங்கிட்டுக்கொண்டால், சுருளின் சூடு முன்பு இருந்ததில் 56 சதவீதம்தான். அதே மேடு, அதே வேகம், அதே பேட்டரி.

பெடல் சுற்றைப் பாருங்கள். 46-34 ஒரு சுற்றுக்கு 2.77 மீட்டர். 8 கிலோமீட்டரில் 48 சுற்று, 10 கிலோமீட்டரில் 60 சுற்று. 42-34 என்றால் 2.53 மீட்டர். 8 கிலோமீட்டரில் 53, 10இல் 66. ஆகவே 42-34 இருந்தால் 10 கிலோமீட்டரில் ஏறுங்கள், மோட்டார் மூச்சுவிடும். எட்டு சதவீதத்தில் 10 கிலோமீட்டருக்கு 265 வாட் வேண்டும். உங்கள் கால் 100 வாட் கொடுத்தால் மீதி மோட்டாருக்குப் பெரிய சுமையே அல்ல. இன்னும் சூடாகிறதென்றால் மெதுவாகப் போவது தீர்வல்ல. லெவலைக் குறைத்து, பெடலை வேகமாகச் சுற்றுங்கள். மேட்டில் மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அடுத்த இலேசான கியர் கையில் இருக்கும்வரைதான் அது உண்மை.

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவது சுமார் 1,200 மீட்டர் உயரம். 105 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 343 வாட்மணி ஆற்றல் வேண்டும், இதில் யாரும் தள்ளுபடி தரமுடியாது. எல்லாவற்றையும் மோட்டாரே செய்து, அதன் திறன் 75 சதவீதமாக இருந்தால் பேட்டரியிலிருந்து 457 வாட்மணி போகும். திறன் 55க்கு இறங்கினால் 620க்கு மேல். உங்கள் பேட்டரி 48 வோல்ட், 10 ஆம்பியர்மணி என்றால் மொத்தமே 480. சரியான கியரில் காலும் உழைத்தால் மேலே போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும். தப்பான கியரில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்த 52 பல் நண்பருக்கு வருவோம். நேர்ச்சாலையில் வேகம் வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் 52-14 என்றால் ஒரு சுற்றுக்கு 7.6 மீட்டர். 25 கிலோமீட்டரில் பெடல் 55 சுற்றுத்தான். 40 கிலோமீட்டரில் போனால்தான் மோட்டாருக்குப் பிடித்த 88 சுற்று வரும். காற்றில்லாத நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து 30இல் போக சுமார் 300 வாட் போதும், 40இல் போக 600 வாட். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, பவர் இரண்டு மடங்கு. பெரிய செயின்ரிங் வாங்கினால் வேகம் வாங்கியதாக ஆகாது, அந்தப் பவர் எங்கிருந்தாவது வர வேண்டும். வராவிட்டால் வண்டி 32, 33இலேயே நின்று, 70 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும். மலையிலோ 52-28 என்பது 8 கிலோமீட்டரில் 35 சுற்று. அதைச் செய்யவே வேண்டாம்.

உண்மையில் 42 பல் போட்டாலும் நேர்ச்சாலை வேகம் எங்கும் போய்விடாது. 42-14 ஒரு சுற்றுக்கு 6.15 மீட்டர். 25 கிலோமீட்டரில் 68 சுற்று, 30இல் 81, 35இல் 95. மோட்டாரின் நல்ல வட்டத்துக்குள் 35 வரை வந்துவிடுகிறது. இப்போதுள்ள 46-14ஐவிட அதே வேகத்தில் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதுதான் மோட்டாருக்கும் பிடிக்கும். ஒரு விஷயம் போகிறபோக்கில்: நம் நாட்டில் பதிவும் லைசென்ஸும் இல்லாமல் ஓட்ட மோட்டார் 250 வாட்டுக்கு உள்ளேயும், உதவி 25 கிலோமீட்டரில் நிற்பதாகவும் இருக்க வேண்டும். பிபிஎஸ்02 500, 750 வாட்டில் வருகிறது. 40இல் பறக்கும் வண்டியைச் சைக்கிள் என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

36 பல் நண்பர் சொல்வதில் கணக்கு சரி, பொருத்துவதில்தான் சிக்கல். பிபிஎஸ்02இன் வலது பக்கம், செயின்ரிங்குக்குப் பின்னால், பல்சக்கரப் பெட்டி ஒன்று உப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டோடு வரும் 46 பல் வளையம் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் உட்புறமாக உட்கார்ந்திருக்கிறது. லெக்கி போன்றவர்கள் செய்யும் 42 பல் வளையம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், பெட்டியைத் தழுவிக்கொண்டு செயினை இன்னும் உள்ளே கொண்டுவரும். 40, 42க்குக் கீழே போனால் வளையம் பெட்டியைவிடச் சிறிதாகிவிடும், சுற்றி உட்கார முடியாது. 36 வேண்டுமென்றால் அடாப்டர் போட்டுப் பெட்டிக்கு வெளியே தள்ளித்தான் மாட்ட வேண்டும். அப்போது செயின்ரிங் சட்டத்தைவிட்டு வெளியே விலகிவிடும். பின்னால் உள்ள பெரிய பல்லோ ஆரக்கம்பிகளை ஒட்டி உள்ளே இருக்கிறது. மலையில் நீங்கள் மணிக்கணக்கில் இருக்கப்போவது அந்தப் பல்லில்தான். செயின் முன்னால் வெளியிலிருந்து பின்னால் உள்ளே குறுக்காக, அதுவும் முழுச் சுமையில் ஓடும். கரகரவென்று சத்தம், பல் பக்கவாட்டில் தேய்வது, பெடலைக் கொஞ்சம் பின்னால் சுற்றினால் செயின் பக்கத்துப் பல்லுக்கு இறங்கிவிடுவது என்று எல்லாம் வரும். மோட்டாரைக் காப்பாற்றிச் செயினைக் கொன்ற கதைதான்.

42 வாங்கும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உட்புறமாகக் குழிந்த வளையம் சில எம்டிபி சட்டங்களில், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயை உரசும். இப்போதைய 46 பல்லுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, வாங்கப்போகும் வளையம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வருகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று தடித்த, மெலிந்த பல் கொண்ட வளையமாக இருந்தால் நல்லது. குண்டும்குழியிலும் செயின் கழலாது.

இனி பின்னால். உங்களுடையது திருகி மாட்டும் ப்ரீவீல், கேசட் அல்ல. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள், ஏமாந்துவிடாதீர்கள். ப்ரீவீலில் கிளிக் செய்யும் பொறியும் பல்லும் ஒரே கட்டாகச் சேர்ந்து, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மறையாகத் திருகியிருக்கும். கேசட்டில் கிளிக் பொறி ஹப்பிலேயே இருக்கும், பல் மட்டும் சறுக்கி உள்ளே போகும். ப்ரீவீல் ஹப்பில் கேசட் ஏறாது. ஆகவே இப்போதைக்கு உங்களுக்குத் தோது ஷிமானோவின் 14-34 ஏழு கியர் மெகாரேஞ்ச் ப்ரீவீல். விலையும் குறைவு. அதில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, அப்புறம் ஒரே தாவலாக 34. சாதாரண சைக்கிளில் அந்தத் தாவல் எரிச்சல் தரும். மோட்டார் வண்டியில் அவ்வளவு உறுத்தாது, மோட்டார் அகலமான சுற்று வீச்சில் வேலை செய்யும். 2016இல் ஸ்ராம் மின் சைக்கிளுக்கென்றே கொண்டுவந்த இஎக்ஸ்1 கேசட்டில் எட்டே பல், 11இலிருந்து 48 வரை. நடுவே 18இலிருந்து 24க்கு ஒரே தாண்டல். காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை.

34 பல்லுக்குப் பின்கியர் மாற்றும் டீரெய்லர் ஒத்துழைக்க வேண்டும். விலை குறைந்த எம்டிபிகளில் வரும் ஷிமானோ டூர்னி பெரும்பாலும் 34 வரை தாங்கும், ஆனால் கைப்பகுதி குட்டையாக இருக்கும் சில ரகங்கள் 28உடன் நின்றுவிடும். பெரிய பல்லில் செயின் இருக்கும்போது டீரெய்லரின் மேல் சிறு சக்கரம் பல்லை உரசினால், அந்த இடைவெளியைக் கூட்டும் பி ஸ்க்ரூ என்ற திருகை உள்ளே திருப்புங்கள். அதற்கும் தீராவிட்டால் டீரெய்லரை மாற்ற வேண்டியதுதான்.

பின்னாளில் சக்கரத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால் கேசட் ஹப் போடுங்கள். ப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளியிருப்பதால் அச்சுக்கு ஆதாரம் குறைவு. வண்டி கனமானால் அச்சு வளைவதும் உடைவதும் உண்டு. கேசட் வந்துவிட்டால் வழி அகலமாகிறது. மைக்ரோஷிஃப்டின் அகோலைட் எட்டு கியர் 12-42, 12-46 என்று வருகிறது. சன்ரேஸ் எட்டு, ஒன்பது கியரில் 11-40 தருகிறது. ஷிமானோ 2021இல் கொண்டுவந்த லிங்க்கிளைடு பற்கள் தடித்தவை, அவர்களுடைய பழைய ரகமான ஹைப்பர்கிளைடைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் லிங்க்கிளைடு ஷிஃப்டரும் டீரெய்லரும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், பழையதோடு ஒட்டாது. மிட் டிரைவுக்கு 11, 12 கியருக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. செயின் மெலிகிறது, விலை ஏறுகிறது, நடுவில் உள்ள நாலைந்து பல்லைத் தொடவே மாட்டீர்கள். எட்டு அல்லது ஒன்பது போதும்.

11 பல் இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம். 46-11 என்றால் 25 கிலோமீட்டரில் பெடல் 49 சுற்றுத்தான் சுற்றும். அது மோட்டாருக்குப் பிடிக்காத வேகம், அதோடு பதினொரே பல்லில் முழுச் சுமையும் விழுந்து அந்தப் பல் முதலில் தேய்ந்துபோகும். நேர்ச்சாலையில் 15, 16, 17 பக்கம் இருப்பதுபோல் அமைத்துக்கொண்டால் கேசட் நாளெல்லாம் உழைக்கும்.

இந்தக் கணக்கை அப்படியே இன்னொரு வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 20 அங்குலச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிளின் சுற்றளவு சுமார் 1.5 மீட்டர்தான். அதில் 46-28 ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டருக்கும் குறைவு. உங்கள் வண்டியில் 42-34 கொடுப்பதை அதில் 46-28 கொடுத்துவிடும். அந்த வண்டியில் 52 பல் போடுவது நியாயம்தான். உங்கள் நண்பர் அப்படி ஒரு வண்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாரோ என்னவோ.

வெளிநாட்டிலிருந்து போஷ் மோட்டார் பொருத்திய பழைய மின் சைக்கிள் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் தலைமுறை போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் மோட்டாரில் முன்னால் 15, 16, 18 என்று மிகச் சிறிய பல்தான் இருக்கும். பயந்துவிட வேண்டாம், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் அது இரண்டரைச் சுற்றுச் சுற்றும். ஆகவே 16 பல் என்பது 40 பல்லுக்குச் சமம். அதில் 14இலிருந்து 16க்குப் போவது 35இலிருந்து 40க்குப் போவதற்குச் சமம், இரண்டே பல்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

ஹப் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குக் கணக்கு வேறு. மேட்டில் மோட்டார் சூடாவதைக் கியர் நேரடியாகத் தடுக்காது. காலுக்கு இலேசான கியர் இருந்தால் நீங்கள் கூடுதலாக உழைத்துச் சக்கர வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால் அதில் மூன்று செயின்ரிங் இருந்தால் கழற்றிவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு ஆகும். மேல் கியர் மட்டும் மோட்டாரின் வேகத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 25இல் போகும்போது கால் காற்றில் மிதித்துக்கொண்டிருக்கும்.

பல்லைச் சரியாக வாங்கிவிட்டு மாற்றத் தெரியாமல் உடைப்பவர்கள் உண்டு. மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றினால் செயின் டமாரென்று அடுத்த பல்லில் விழும். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் செயினின் ஆயுளில் கழிகிறது. கியர் சென்சார் போட்டால் கேபிள் அசைந்ததுமே மோட்டாரை ஒரு கணம் நிறுத்தும். அது இல்லாவிட்டால், கிட்டோடு வந்த பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். பிரேக் பிடிக்காத அளவுக்கு லீவரை ஒரு விரலால் லேசாக இழுங்கள், மோட்டார் அடங்கும். கால் மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க கியரை மாற்றுங்கள், லீவரை விடுங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே 34 பல்லுக்குப் போய்விடுங்கள், வளைவின் நடுவில் பஸ் வந்து நீங்கள் நின்றுவிட்டால் நின்ற இடத்தில் கியர் மாறாது. கனமான கியரில் திராட்டிலை முழுக்கத் திருகிக் கிளப்புவதுதான் நைலான் பல்லுக்கு எமன்.

கடைசியாகச் செயின். 28இலிருந்து 34க்குப் போனால் பழைய செயின் நீளம் போதாமல் போகலாம். மாட்டியதும் முதல் வேலையாக, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, செயினைப் பின்னால் 34 பல்லுக்குக் கையால் ஏற்றிப் பாருங்கள். டீரெய்லரின் கை முன்னோக்கி விறைத்து நின்றால் செயின் குட்டை, ஓட்டவே கூடாது, டீரெய்லர் பிய்ந்து ஆரத்துக்குள் போய்விடும். சரியான நீளம் பார்க்க, செயினை டீரெய்லருக்குள் விடாமல் முன்பல்லையும் 34 பல்லையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டச் சொல்லுங்கள். புது ப்ரீவீலில் பழைய செயினைப் போடாதீர்கள், நீண்டுபோன செயின் புதுப் பல்லைச் சில நூறு கிலோமீட்டரில் தின்றுவிடும். ஏழு, எட்டு கியருக்கான மின் சைக்கிள் செயின் ஒன்று வாங்கி, அதோடு உதிரியாக, செயினை இணைக்கும் குவிக் லிங்க் ஒன்றையும் சீட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.